பிழைப்பூதியம்: பணியிடை நீக்க உத்தரவு வந்த நாளிலிருந்து கணக்கு முடியும் வரை முழு வழிகாட்டி

பணியிடை நீக்க உத்தரவைக் கையெழுத்திட்டு வாங்கியவர் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் பத்துப் பக்கம் இருக்கும். தான் நிரபராதி, மேலதிகாரிக்குப் பழைய பகை, இருபது ஆண்டுகளாக ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாத பணிப்பதிவேடு என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு வரி மட்டும் இருக்காது. 'விதிப்படி எனக்குச் சேர வேண்டிய பிழைப்பூதியத்தை இன்ன தேதி முதல் வழங்குங்கள்' என்ற வரி அது.

பணியிடை நீக்கக் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாக, உயிர் வாழத் தரும் தொகைதான் பிழைப்பூதியம். இந்த வழிகாட்டி அந்த ஒரு வரியைப் பற்றியது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது ஒரு வழக்கு. விசாரணை முடியும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது வேறு வழக்கு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் முதலாவது முடியும்வரை இரண்டாவதும் கிடப்பில் கிடக்கும். அதனால் பணத்துக்கு ஒரு கோப்பு, குற்றச்சாட்டுக்கு ஒரு கோப்பு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. அரசு நடையில் இதைத் 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று எழுதுவார்கள். பேச்சில் 'சஸ்பெண்ட்'. எந்தப் பெயரில் வந்தாலும் வேலை போய்விடவில்லை. வேலை செய்வது மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். வேறு இடத்தில் வேலைக்குச் சேர முடியாது. அப்படிக் கையைக் கட்டிப்போட்ட பிறகு உயிர் வாழ ஒரு தொகை கொடுக்காமல் இருக்க முடியாது என்பதுதான் பிழைப்பூதியத்தின் அடிப்படை. ஏறத்தாழ 11 ஆண்டுகள் பணியிடை நீக்கத்திலேயே வைக்கப்பட்ட ஒரு பொறியாளரின் வழக்கில் (ஓ.பி. குப்தா, 1987) உச்ச நீதிமன்றம் அகராதியையே எடுத்து வைத்து, உயிர் தரிப்பதற்கான குறைந்தபட்ச வாழ்வாதாரம் என்பதே இதன் பொருள் என்று காட்டியது. பின்னர் 2000இல் ஜகதம்பா பிரசாத் சுக்லா வழக்கில், இது அரசு போடும் பிச்சை அல்ல, ஊழியரின் உரிமை என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: உத்தரவை வரி வரியாகப் படியுங்கள்

உத்தரவு கைக்கு வந்த நேரத்தில் கண் தேடுவது 'ஏன்' என்ற பகுதியை. பணத்துக்கு வேண்டியவை வேறு சில விவரங்கள்.

ஒன்று, உத்தரவு நடைமுறைக்கு வரும் தேதி. கையெழுத்திட்ட தேதி, உங்களுக்குக் கிடைத்த தேதி, நடைமுறைக்கு வரும் தேதி ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம். பின்னால் 90 நாள் கணக்கு வரும்போது இதுதான் சண்டைக்குக் காரணமாகும். அதனால் கிடைத்த நாளையும் நேரத்தையும் உத்தரவின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்து வையுங்கள்.

இரண்டு, எந்த விதியின் கீழ், எந்த அதிகாரியால் என்பது. மத்திய அரசு ஊழியருக்கு 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளில் 10ஆம் விதி. தமிழக அரசு ஊழியருக்கு ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளில் 17(e). தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நிலையாணைகள், அதாவது அந்த நிறுவனத்தின் பணி நிபந்தனைகளைச் சொல்லும் விதித்தொகுப்பு. பிழைப்பூதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம், பணியிடை நீக்கம் செய்த அதிகாரிக்கே உரியது. உங்கள் பிரிவின் கண்காணிப்பாளரிடம் போய் நின்று பயனில்லை.

மூன்று, தலைமையிடம். பணியிடை நீக்கக் காலத்தில் இன்ன ஊரை விட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்று உத்தரவில் இருக்கும். சொந்த ஊரில் இருந்தால் செலவு குறையும் என்றால் தலைமையிடத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். அரசுக்குக் கூடுதல் செலவும் விசாரணைக்கு இடையூறும் இல்லையென்றால் அனுமதிக்க வழியுண்டு. சென்னை வாடகைப்படி வாங்கிக்கொண்டிருந்தவர் சிற்றூருக்கு மாறினால் அந்தப் படி இறங்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அனுமதி வருவதற்கு முன்பே கிளம்பிப் போவது மட்டும் வேண்டாம். அதுவே இன்னொரு குற்றச்சாட்டாக முளைக்கும்.

கைதாகிக் காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தவர், தனி உத்தரவு இல்லாமலேயே பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். அவருக்கும் பிழைப்பூதியம் உண்டு. சிறையில் இருப்பவருக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் மனைவி மக்கள் சிறையில் இல்லை என்பதே அதற்குப் பதில்.

இரண்டாம் படி: உங்களுக்கு எந்தச் சட்டம்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அரசு ஊழியருக்கான விதியைத் தொழிற்சாலைத் தொழிலாளி பிடித்துக்கொள்வதும், தனியார் நிறுவன விகிதத்தை அரசு ஊழியர் கேட்பதும் நடக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு, சம்பளம், விடுப்பு போன்றவற்றைச் சொல்லும் அடிப்படை விதிகளின் 53ஆம் விதி. முதல் மூன்று மாதங்களுக்கு, அரைச் சம்பள விடுப்பில் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அந்தத் தொகையும், அதன் மீது அகவிலைப்படியும். அதற்குப் பிறகு கூட்டலாம் அல்லது குறைக்கலாம். தமிழக அரசு ஊழியர்களுக்கும் விதி எண் 53தான். ஆனால் தமிழ்நாடு அரசின் அடிப்படை விதிகள் தனி நூல். மத்திய விதியின் கால வரம்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு மனு எழுதக் கூடாது. அந்த நூலின் நடப்புத் திருத்தங்களோடு கூடிய பதிப்பைப் பார்த்துவிட்டே எண் குறிப்பிடுங்கள்.

தமிழகத்தில் தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியம் வழங்கல் சட்டம் இருக்கிறது. தொழிற்சங்கம் இல்லாத நிறுவனங்களில் இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இதன் விகிதம் தாராளமானது: முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், 90 நாட்களுக்கு மேல் 180 நாட்கள் வரை 75 சதவீதம், 180 நாட்களுக்கு மேல் போனால் முழு ஊதியம். தாமதத்துக்கு ஊழியரே காரணம் என்றால் மட்டும் 50 சதவீதத்திலேயே நிற்கும்.

அகில இந்திய அளவில், 1946ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, முதல் 90 நாட்களுக்கு 50 சதவீதமும் பிறகு 75 சதவீதமும் என்று சொன்னது. மாநிலச் சட்டம் கூடுதல் பயன் தந்தால் அதுவே பொருந்தும் என்பதும் அதே பிரிவில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் இதே 50, 75 விகிதத்தைத்தான் வைத்திருக்கிறது. பணியிடை நீக்கம் செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விசாரணையைச் சாதாரணமாக முடித்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. தமிழகத் தொழிலாளி மனு எழுதும்போது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை முதலில் குறிப்பிடுவதே நல்லது. 180 நாட்களுக்குப் பிறகு முழு ஊதியம் என்பது அதில்தான் இருக்கிறது.

வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், கூட்டுறவு அமைப்புகள் ஆகியவற்றுக்கு அவரவர் ஒப்பந்தமோ பணி விதிகளோ தனி. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எந்தச் சட்டமும், எந்த நிலையாணையும், பணி ஒப்பந்தமும் பணியிடை நீக்கம் செய்யும் அதிகாரத்தை நிறுவனத்துக்குத் தரவில்லை என்றால்? அப்போது பாதிச் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முழு ஊதியம் தர வேண்டும். புதுதில்லி இம்பீரியல் ஹோட்டல் வழக்கில் 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, அதில் 'பணியிடை நீக்கம்' பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்றாம் படி: மாதாமாதம் சான்று

பிழைப்பூதியம் நின்றுபோவதற்கான காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். வேறு வேலையோ வியாபாரமோ தொழிலோ செய்யவில்லை என்று ஊழியர் சான்று கொடுத்தால்தான் பணம் வழங்க முடியும் என்று 53ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஒரு மாதம் சான்று போகவில்லை என்றால் அந்த மாதப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள்.

சான்று நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

'…… (பெயர், பதவி) ஆகிய நான், …… நாளிட்ட …… எண் உத்தரவின்படி பணியிடை நீக்கத்தில் உள்ளேன். …… முதல் …… வரையிலான காலத்தில் வேறு எந்த வேலையிலும், வியாபாரத்திலும், தொழிலிலும், வருமானம் தரும் எந்தப் பணியிலும் நான் ஈடுபடவில்லை என இதன்மூலம் சான்றளிக்கிறேன். மேற்படி காலத்துக்கான பிழைப்பூதியத்தை எனது வங்கிக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் குற்றச்சாட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். 'பொய்யான புகாரின் பேரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுள்ள நான்' என்று ஆரம்பித்தால், அந்தக் காகிதம் கணக்குப் பிரிவுக்குப் போகாமல் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் மாதம் போய்விடும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உள்ளே விடவில்லை என்றால், ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். இந்த நகல்களின் கற்றைதான் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

உண்மையிலேயே வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் இந்தச் சான்றில் கையெழுத்திடாதீர்கள். நண்பரின் கடையில் கல்லாவில் உட்கார்வது, மாலையில் ஆட்டோ ஓட்டுவது, கட்டணம் வாங்கி டியூஷன் எடுப்பது எல்லாம் 'வருமானம் தரும் பணி'யாகப் பார்க்கப்படும். பணியிடை நீக்கத்துக்குக் காரணமான குற்றச்சாட்டை உடைத்துவிட்டு, பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்குத் தண்டனை வாங்குவதைவிட வேதனை இல்லை.

நான்காம் படி: கணக்கை நீங்களே போடுங்கள்

அலுவலகம் போட்ட கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் வாங்கும் ஒரு மத்திய அரசு ஊழியர், சென்னையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க அகவிலைப்படி 50 சதவீதம், வாடகைப்படி 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பணியில் இருந்தபோது: 40,000 + 20,000 + 12,000 = 72,000 ரூபாய். போக்குவரத்துப் படி தனி.

முதல் மூன்று மாதங்கள்: அரைச் சம்பளம் 20,000. அகவிலைப்படி அந்த 20,000 மீது, அதாவது 10,000. வாடகைப்படி குறையாது; பணியிடை நீக்கம் செய்யப்பட்ட நாளில் வாங்கிய சம்பளத்தின் மீதே கணக்கிடப்படும் என்பதால் 12,000. மொத்தம் 42,000.

பல அலுவலகங்களில் தவறு நேர்வது வாடகைப்படியில்தான். எல்லாவற்றையும் பாதியாக வெட்டி 36,000 என்று போட்டுவிடுவார்கள். 6,000 ரூபாய் மாதாமாதம் காணாமல் போகும். கணக்குத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போக்குவரத்துப் படி மட்டும் கிடைக்காது. அலுவலகம் போகவில்லை என்பதால் அது நியாயமே.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால் பிழைப்பூதியத்தை 50 சதவீதம் வரை உயர்த்தலாம். இந்த 50 சதவீதம் எதன் மீது என்பதில் குழப்பம் உண்டு. சம்பளத்தின் மீது அல்ல, பிழைப்பூதியத்தின் மீது. 20,000 ஆனது 30,000 ஆகும். அதாவது சம்பளத்தில் முக்கால் பங்கு. அகவிலைப்படி 15,000, வாடகைப்படி 12,000, மொத்தம் 57,000. தாமதத்துக்கு ஊழியரே காரணம் என்று முடிவு செய்தால் அதே போல 50 சதவீதம் வரை குறைக்கலாம்: 10,000 + 5,000 + 12,000 = 27,000.

இடையில் அகவிலைப்படி உயர்ந்தால் உங்களுக்கும் உயரும். அரசு வெளியிடும் உத்தரவைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆண்டு ஊதிய உயர்வு மட்டும் பணியிடை நீக்கக் காலத்தில் போடமாட்டார்கள். விடுப்பும் எடுக்க முடியாது. விடுப்புப் பயணச் சலுகை ஊழியருக்கு இல்லை, ஆனால் குடும்பத்தினர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழகத் தனியார் நிறுவனத்தில் மாதம் 18,000 ரூபாய் ஊதியம் வாங்குபவரின் கணக்கு எளிது: முதல் 90 நாட்களுக்கு மாதம் 9,000, அடுத்த 90 நாட்களுக்கு 13,500, பிறகு 18,000. நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடித்துவிட அவசரப்படுவதற்கு இந்த மூன்றாவது எண்ணும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

அரசு ஊழியரின் பிழைப்பூதியத்தில் சில பிடித்தங்கள் கட்டாயம்: வருமான வரி, அரசுக் குடியிருப்பில் இருந்தால் அதன் வாடகையும் மின்சார, தண்ணீர்க் கட்டணமும், அரசிடம் வாங்கிய கடன், முன்பணத் தவணை, மருத்துவத் திட்டச் சந்தா, குழுக் காப்பீட்டுச் சந்தா. கடன் தவணையை எவ்வளவு பிடிப்பது என்பதில் துறைத்தலைவருக்கு விருப்புரிமை இருக்கிறது. ஆகவே தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள், மறுத்தாலும் இழப்பில்லை.

நீங்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் பிடிக்கக்கூடியவை: அஞ்சல் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், கூட்டுறவுச் சங்க, பண்டகசாலைத் தவணைகள், வருங்கால வைப்பு நிதியில் எடுத்த முன்பணத்தின் தவணை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், மாதம் கையில் எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். காப்பீட்டுப் பிரீமியம் நின்றால் பாலிசி காலாவதியாகும். அதை மட்டும் சம்மதித்து, மற்றதை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

அறவே பிடிக்கக் கூடாதவை: பொது வருங்கால வைப்பு நிதிச் சந்தா, நீதிமன்ற ஜப்தித் தொகை, அரசுக்கு ஏற்பட்ட இழப்பு என்று சொல்லப்படும் தொகை. இந்தக் கடைசியைக் கவனியுங்கள். கையாடல் குற்றச்சாட்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவரிடம், விசாரணை முடியும் முன்பே 'இழப்பை'ப் பிடித்தம் செய்யும் ஆசை சிலருக்கு வரும். அது விதிக்கு விரோதம். தனியாரிடம் வாங்கிய கடனுக்காக ஜப்தி உத்தரவோடு வருபவரிடம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைக் காட்டலாம். பணியிடை நீக்கத்தில் உள்ள அரசு ஊழியரின் பிழைப்பூதியத்துக்கு அது ஜப்தியிலிருந்து விலக்கு அளிக்கிறது.

தனியார் தொழிலாளிகளுக்கு ஒரு சேதி: தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பார்வையில் பிழைப்பூதியமும் ஊதியமே என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் பிடித்தம் இருக்கும். பதிலாக மருத்துவப் பயனும் தொடரும். பணியிடை நீக்கத்தைச் சொல்லி மருந்தகத்தில் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: 90ஆம் நாளுக்கு முன்பே எழுதுங்கள்

பிழைப்பூதியத்தை மறுஆய்வு செய்ய வேண்டியது அதிகாரியின் கடமைதான். ஆனால் கோப்பு தானாக நகர்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் மாதம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பக்க மனு கொடுங்கள். மனுவில் இருக்க வேண்டியது ஒன்றே: தாமதத்துக்கு நான் காரணமில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்காமல் தேதிகளால் காட்டுங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கிடைத்த நாள், நீங்கள் விளக்கம் கொடுத்த நாள், விசாரணைக்கு அழைத்த நாட்கள், நீங்கள் ஆஜரான நாட்கள், ஒத்திவைத்தவர் யார் என்று ஒரு சிறு அட்டவணை. குறிப்பாணையே இன்னும் வரவில்லை என்றால் அந்த ஒரு வரி போதும்.

இதனால்தான் விசாரணையில் காலம் கடத்தும் உத்தியைப் பற்றி யோசித்துச் செயல்பட வேண்டும். ஆவண நகல் கேட்பது உங்கள் உரிமை; அதைத் தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது. காரணமில்லாமல் மூன்று முறை வாய்தா வாங்கினால் அது உங்கள் கணக்கில் ஏறும், பிழைப்பூதியத்திலும் கை வைக்கும்.

பணியிடை நீக்கத்துக்கும் இதே 90 நாள் கெடு இருக்கிறது. மத்திய விதிகளில் 10ஆம் விதிப்படி, 90 நாட்களுக்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் உத்தரவு செல்லாததாகிவிடும். நீட்டிப்பும் ஒரு தடவைக்கு 180 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. அஜய் குமார் சௌத்ரி வழக்கில் (2015), மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிட்டால் பணியிடை நீக்கம் அதற்கு மேல் நீடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த வாதத்தைப் பிழைப்பூதிய மனுவில் நுழைக்காமல், தனி மனுவாகக் கொடுங்கள்.

ஏழாம் படி: பணம் வராமல் விசாரணைக்கு அழைத்தால்

பிழைப்பூதியம் தராமலேயே விசாரணைக்குத் தேதி போடுவது அடிக்கடி நடக்கிறது. இங்கே இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் கன்ஷ்யாம் தாஸ் ஸ்ரீவாஸ்தவா என்ற வனத்துறை ஊழியர் ரேவாவில் இருந்தார். விசாரணை நடந்தது ஜகதல்பூரில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில். பிழைப்பூதியம் வரவில்லை, அதனால் போக முடியவில்லை என்றார். அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்து வேலையும் போனது. தன்னைக் காத்துக்கொள்ள நியாயமான வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இன்னொன்று கோலார் தங்கவயலில் நடந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் கேப்டன் பால் ஆண்டனி. 1985 ஜூனில் அவர் வீட்டில் நடந்த சோதனையில் தங்கம் கலந்த பொருட்கள் கிடைத்ததாகச் சொல்லி, பணியிடை நீக்கம் செய்தார்கள். குற்ற வழக்கும் போட்டார்கள். உடல்நலமில்லாமல் கேரளத்தில் இருந்தவரிடம் கோலாருக்கு வரப் பணமில்லை, ஏனென்றால் பிழைப்பூதியம் தரவில்லை. விசாரணை ஒருதலையாக முடிந்து வேலை போனது. அதே சோதனையை வைத்துத் தொடுத்த குற்ற வழக்கில் 1987இல் விடுதலையானார். 1999இல்தான் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. அரசுப் பணியில் சேர்ந்ததால் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை அடகு வைத்துவிடவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு, பணம் வரவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட முடியாது. 2004, 2005 ஆண்டுகளின் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டுப்பாடு வைத்தது: பிழைப்பூதியம் தராததால் தன் தரப்புக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டது என்று ஊழியர் காட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் நடந்த விசாரணைக்கு வராமல் இருந்துவிட்டு இதைச் சொன்னால் எடுபடாது. எனவே செய்ய வேண்டியது: விசாரணைத் தேதிக்கு முன்பே விசாரணை அலுவலருக்கும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரிக்கும் எழுதுங்கள். இன்ன மாதம் முதல் பிழைப்பூதியம் வரவில்லை, இன்ன தேதிகளில் சான்று கொடுத்திருக்கிறேன், பயணத்துக்கும் என் தரப்பில் வாதாட உதவியாளரை அழைத்து வருவதற்கும் வழியில்லை, தொகையை வழங்கிவிட்டு விசாரணை நடத்துங்கள் என்று. முடிந்தால் கடன் வாங்கியாவது முதல் நாள் போய், அதே ஆட்சேபத்தை விசாரணைக் குறிப்பில் ஏற்றிவிட்டு வருவது மிகப் பாதுகாப்பானது. மத்திய அரசு ஊழியருக்குத் தலைமையிடத்திலிருந்து விசாரணை நடக்கும் ஊருக்குப் பயணப்படியும் உண்டு. நீங்களே கேட்டு இடத்தை மாற்றியிருந்தால் மட்டும் கிடைக்காது.

எட்டாம் படி: தரவே மறுத்தால்

முதலில் ஒரு நினைவூட்டல், பிறகு மேலதிகாரிக்கு மனு. பிழைப்பூதியத்தைக் குறைத்தோ தவறாகவோ நிர்ணயித்த உத்தரவின் மீது மத்திய அரசு ஊழியர், முன்பு சொன்ன 1965ஆம் ஆண்டு விதிகளின் 23ஆம் விதிப்படி மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த 45 நாட்களுக்குள் செய்ய வேண்டும். பணியிடை நீக்கத்துக்கு எதிரான மேல்முறையீடு வேறு, இது வேறு. அதிலும் பலன் இல்லையென்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே காலவரம்பு பொதுவாக ஓராண்டு. தமிழக அரசு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். வழக்கில் 'பிழைப்பூதியத்தை வழங்க உத்தரவிடுக' என்பதை மட்டும் கேட்டால் சீக்கிரம் முடியும். குற்றச்சாட்டையே ரத்து செய்யச் சொல்லி அதோடு சேர்த்தால் பல ஆண்டு இழுக்கும்.

தனியார் தொழிலாளி தன் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். உத்தரவின் நகல், ஊதியச் சீட்டு, சான்றுகளின் நகல், நிலுவைக் கணக்கு ஆகிய நான்கும் போதும். நிலுவையை வசூலித்துத் தரும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துப் போனால் மனு மேசையில் தங்காது.

சான்று கொடுத்தும் தராமல் பெயருக்கு ஒரு தொகையை வீசுகிறார்கள் என்றால் 1983ஆம் ஆண்டின் சந்திரபான் வழக்கை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். தண்டனை பெற்று மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஊழியருக்கு மாதம் ஒரு ரூபாய் என்று பம்பாய்க் குடிமைப் பணி விதி ஒன்று வைத்திருந்தது. ஒரே ஒரு ரூபாய். அதை அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது.

ஒன்பதாம் படி: மீண்டும் பணியில் சேர்ந்த பிறகு

பணியில் சேர்ந்த மகிழ்ச்சியில் பழைய கணக்கை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மீண்டும் பணியமர்த்தும் அதிகாரி, பணியிடை நீக்கக் காலத்தை எப்படிக் கருதுவது, எவ்வளவு சம்பளம் தருவது என்று தனியே உத்தரவிட வேண்டும். மத்திய அரசில் இதற்கு அடிப்படை விதிகளின் 54பி விதி. பணியிடை நீக்கம் முற்றிலும் நியாயமற்றது என்றால் முழுச் சம்பளமும் படிகளும் கிடைக்கும்; ஏற்கெனவே வாங்கிய பிழைப்பூதியம் அதில் கழிக்கப்படும். பெருந்தண்டனைக்கான விசாரணையில் தொடங்கிச் சிறுதண்டனையில் முடிந்தாலும், பணியிடை நீக்கம் நியாயமற்றதாகவே கருதப்பட்டு முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது 1985 டிசம்பர் முதல் மத்திய அரசின் நிலைப்பாடு. கண்டனம் என்ற சிறுதண்டனையோடு முடிந்த வழக்குகளில் இதைக் கேட்காமல் விட்டவர்கள் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள்.

முழுச் சம்பளம் இல்லை, ஒரு பகுதிதான் என்று முடிவு செய்தால், முதலில் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தொகை எந்த நிலையிலும் ஏற்கெனவே கிடைக்க வேண்டிய பிழைப்பூதியத்துக்குக் குறையக் கூடாது. அதாவது வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்ல முடியாது.

உத்தரவு வந்ததும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: கிடைக்க வேண்டியது, கிடைத்தது, மீதி. நடுவில் உயர்ந்த அகவிலைப்படி, நிறுத்தி வைத்த ஆண்டு ஊதிய உயர்வுகள், வைப்பு நிதிச் சந்தா நிலுவை எல்லாவற்றையும் சேருங்கள். மொத்தமாக வரும் நிலுவைக்கு வருமான வரியில் முந்தைய ஆண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டும் வசதி இருக்கிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு பட்டியலில் கையெழுத்திடுங்கள்.